காலையில் முரண்டு பிடித்த டீசல் ஜீப்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கரடுமுரடான பாதைக்குப் பழைய டீசல் ஜீப்தான் சரி. என்னுடையதும் அந்த வகை. ஆனால், மேட்டைப் பார்த்து நிறுத்திய மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆகவே ஆகாது. கைப்பம்பை அழுத்தி டீசலை ஏற்றினால் உடனே உறுமும். பேட்டரி, ஸ்டார்ட்டர், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். டீசல் குழாயில் காற்று நுழைகிறது என்றே எனக்குப் பட்டது.

டாங்கிலிருந்து டீசலை இழுத்து இன்ஜின் பக்கம் தள்ளுவது ஃபீட் பம்ப். அதுவரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்தப் பகுதியில் விரிசல் இருந்தால் பெரும்பாலும் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். வண்டி நிற்கும்போது குழாயிலுள்ள டீசல் மெல்ல டாங்குக்கே இறங்கிவிடும். வண்டிக்கு அடியில் ஈரம் தேடிப் பயனில்லை.

ஃபீட் பம்புக்கு முன்னால், உள்ளே ஓடுவது தெரியும்படி டீசல் தாங்கும் தெளிவான குழாய்த்துண்டு ஒன்றை மாட்டி இன்ஜினை ஓடவிட்டேன். கடுகு கடுகாகக் குமிழிகள் வந்தன. அங்கிருந்து டாங்க் வரை ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றினேன். டாங்குக்கு அருகே, கிளாம்ப் மூடியிருந்த இடத்தில் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. கிளாம்ப்பை எடுக்காமல் அது கண்ணில் படவே படாது!

குழாய், கிளாம்ப், இணைப்புகளின் செம்பு வாஷர் எல்லாவற்றையும் மாற்றினேன். பழைய வாஷரையே திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிவிடும், மறுபடி சரியாகப் படியாது. பிறகு ஃபில்டர் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை கைப்பம்பை அழுத்தி மூடினேன். இப்போது மேட்டில் நிறுத்தினாலும் முதல் சாவியிலேயே கிளம்புகிறது.