மூக்கடைப்பு ஸ்ப்ரே: எப்படி அடிப்பது, எப்போது நிறுத்துவது

முதலில் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். மெடிக்கல் ஷாப்பில் "மூக்கடைப்புக்கு ஒரு ஸ்ப்ரே குடுங்க" என்றால் கைக்கு வருவது எப்போதும் ஒரே மருந்தல்ல. ஓட்ரிவின் என்ற ஒரே பெயரில் சைலோமெட்டாசோலினும் விற்கிறது, ஆக்ஸிமெட்டாசோலினும் விற்கிறது, குழந்தைகளுக்கான வெறும் உப்பு நீரும் விற்கிறது. அட்டை நிறத்தை நம்பி வாங்காதீர்கள். சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரும் சதவீதமும்தான் கணக்கு.

பெரியவர்களுக்கு: சைலோமெட்டாசோலின் 0.1%, அல்லது ஆக்ஸிமெட்டாசோலின் 0.05%. சைலோமெட்டாசோலின் 0.05% என்று இருந்தால் அது குழந்தைகளுக்கான அளவு. எண் ஒன்றுபோல இருப்பதால் இதையும் ஆக்ஸிமெட்டாசோலின் 0.05%-ஐயும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. 'சோடியம் குளோரைடு 0.65%' அல்லது '0.9%' என்று மட்டும் போட்டிருந்தால் அது உப்பு நீர். அதற்கு நாள் கணக்கு கிடையாது, கீழே சொல்லும் எச்சரிக்கைகளும் கிடையாது.

என்ன செய்கிறது

மூக்கடைப்பு என்றால் உள்ளே சளி அடைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் அடைப்பது சளி இல்லை. மூக்கின் பக்கச் சுவரில் இருக்கும் சதை மடிப்புகளுக்குள் ரத்தம் தேங்கி, அவை வீங்கி வழியை மறிக்கின்றன. எவ்வளவு சிந்தினாலும் மூக்கு திறக்காதது இதனால்தான். இந்த மருந்து அங்கே இருக்கும் ரத்த நாளங்களைச் சுருக்குகிறது. சில நிமிடங்களில் சதை வற்றி வழி விடுகிறது. பலன் 8 முதல் 12 மணி நேரம் வரை நிற்கும். ஜலதோஷத்தை இது குணப்படுத்தாது. தண்ணீராக ஒழுகும் மூக்குக்கும் தும்மலுக்கும் இது சரியான மருந்தல்ல.

யார் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது

கட்டுக்குள் வராத பி.பி., இதய நோய், தைராய்டு அதிகமாகச் சுரப்பது, கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடைபடுவது, கர்ப்பம், பாலூட்டும் காலம். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதன் பெயரைக் கடைக்காரரிடம் சொல்லியே ஆக வேண்டும். சில பழைய வகை மாத்திரைகளோடு இது சேர்ந்தால் பி.பி. எகிறும். 6 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு உப்பு நீர்ச் சொட்டு போதும். அதற்கு மேல் வேண்டுமா என்பதைக் குழந்தை மருத்துவர் சொல்லட்டும்.

அடிக்கும் முறை

1. மூக்கை மெதுவாகச் சிந்துங்கள். முடிந்தால் முதலில் உப்பு நீர் விட்டு, ஐந்து நிமிடம் கழித்துச் சிந்துங்கள். சளிப் படலத்தின் மேல் அடித்த மருந்து சதையைத் தொடாமலே வழிந்துவிடும்.

2. புது பம்ப் பாட்டில் என்றால் சீரான தூறல் வரும்வரை நாலைந்து முறை காற்றில் அழுத்துங்கள்.

3. தலையை அண்ணாந்து பார்க்காதீர்கள். லேசாக முன்னால் குனியுங்கள். அண்ணாந்து அடித்தால் மருந்து நேராகத் தொண்டைக்குப் போகும். தொண்டையில் கசந்தால் மருந்தில் ஒரு பகுதி வயிற்றுக்குப் போய்விட்டது என்று பொருள்.

4. வலது கையால் இடது துவாரத்துக்கு, இடது கையால் வலது துவாரத்துக்கு. இப்படிக் கை மாற்றினால் முனை தானாகவே நடுத்தண்டை (இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் இருக்கும் சுவர்) விட்டு விலகி, காதுப் பக்கம் பார்க்கும். நடுத்தண்டிலேயே திரும்பத் திரும்ப அடித்தால் அது காய்ந்து, வெடித்து, ரத்தம் கசியும்.

5. ஒரு துவாரத்துக்கு ஒரு அழுத்து. அதே நேரம் மெல்ல மூச்சை இழுங்கள். 'சர்' என்று உறிஞ்ச வேண்டாம்.

6. பிழியும் வகை பிளாஸ்டிக் பாட்டில் என்றால், பிழிந்த பிடியை விடாமலே மூக்கிலிருந்து வெளியே எடுங்கள். உள்ளே இருக்கும்போது பிடியை விட்டால் பாட்டில் உங்கள் சளியை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த வேளைக்கு அதையும் சேர்த்துத்தான் அடிப்பீர்கள்.

7. முனையை டிஷ்யூவில் துடைத்து மூடுங்கள். திறந்த தேதியைப் பேனாவால் எழுதுங்கள். ஒரு பாட்டில் ஒருவருக்கு மட்டும்.

பிழியும் பாட்டிலை விட, ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரே அளவு தரும் பம்ப் நல்லது. சொட்டு மருந்து கடைசிதான். கட்டிலில் படுத்து, தோளுக்கடியில் தலையணை வைத்து, தலையைப் பின்னால் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தால்தான் அது சரியாக வேலை செய்யும். உட்கார்ந்தபடி விட்டுக்கொள்ளும் சொட்டு பெரும்பாலும் வீண்.

சைலோமெட்டாசோலின் நாளைக்கு அதிகபட்சம் மூன்று முறை. ஆக்ஸிமெட்டாசோலின் 10 முதல் 12 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை, அதற்கு மேல் இல்லை. தூக்கம் கெடுவதுதான் பிரச்சினை என்றால் இரவு ஒரு வேளை மட்டும் போதும், பகலைச் சமாளித்துவிடலாம்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். அட்டைக்கு அட்டை 3, 5, 7 நாள் என்று மாறும். மூன்று நாள் என்று வைத்துக்கொள்வதே பத்திரம். தொடர்ந்து சுருக்கப்படும் ரத்த நாளங்கள் மருந்துக்குப் பழகி மந்தமாகின்றன. மருந்தின் பலன் தீர்ந்ததும் முன்பைவிட அதிகமாக வீங்குகின்றன. பத்து மணி நேரம் நின்ற பலன் ஆறாகி, நாலாகும். ஜலதோஷம் போயிருக்கும், அடைப்பு மட்டும் இருக்கும். "இன்னும் சளி போகல" என்று இன்னொரு பாட்டில் வாங்குவார்கள். பாக்கெட்டில் ஸ்ப்ரே இல்லாமல் வெளியே போகாதவர்கள் உருவாவது இப்படித்தான். அடைப்பையே உண்டாக்குவது அந்த ஸ்ப்ரேதான்.

சோதனை எளிது: தும்மல் இல்லை, ஒழுகல் இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் மருந்து இறங்கியதும் இரண்டு பக்கமும் அடைக்கிறது. ஒரு பக்கம் அடைத்து, சில மணி நேரத்தில் மறுபக்கம் மாறினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களின் மூக்கு அப்படித்தான் முறை வைத்து மாறும்.

வெளியே வரும் வழி: இ.என்.டி. டாக்டரிடம் எத்தனை நாளாக அடிக்கிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலும் ஃப்ளூட்டிகசோன் அல்லது மொமெட்டாசோன் ஸ்டீராய்டு ஸ்ப்ரே தருவார். அது உடனே திறக்காது, முழுப் பலனுக்குச் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். "இது வேலை செய்யலை" என்று இரண்டாம் நாளே தூக்கிப் போடுவதுதான் வழக்கமான தவறு. அதைத் தொடங்கிய பிறகு, பழைய ஸ்ப்ரேயை வலது துவாரத்துக்கு மட்டும் முழுவதுமாக நிறுத்துங்கள். இடது துவாரம் திறந்திருப்பதால் தூங்க முடியும். வலது தானாகத் திறந்து நிலைத்ததும் இடதையும் நிறுத்துங்கள். முதல் சில இரவுகள் கடினம். தலைமாட்டை உயர்த்துங்கள், உப்பு நீரை எத்தனை முறை வேண்டுமானாலும் விடுங்கள். சில வாரமாகியும் திறக்காவிட்டால் நடுத்தண்டு வளைவோ உள்ளே சதை வளர்ச்சியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாத்திரை போட்டால் ஆகாதா?

ஜலதோஷ மாத்திரைகளில் பெரும்பாலானவை பாராசிட்டமால், ஃபினைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின் சேர்ந்த கலவை. இதில் அடைப்புக்காகச் சேர்ப்பது ஃபினைலெஃப்ரின். விழுங்கினால் குடலிலேயே பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. மாத்திரையில் இருக்கும் அளவில் வாய்வழி ஃபினைலெஃப்ரின் பலனளிக்கவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில், டாக்டர் சீட்டில்லாமல் விற்கும் மூக்கடைப்பு மருந்துகளின் பட்டியலிலிருந்து அதை நீக்க எஃப்.டி.ஏ. முன்மொழிந்தது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழ் தரக்கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023 டிசம்பரில் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. இந்தக் கலவையால் தூக்கம் வரும், வண்டி ஓட்டக்கூடாது. காய்ச்சலுக்குத் தனியாக பாராசிட்டமால் போடுகிறவர்கள் இதிலும் அதுவே இருக்கிறது என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பின்சேர்க்கை: கேட்கப்பட்ட இரண்டு

தைலம், இன்ஹேலர் குச்சி? மெந்தால் மூக்கின் குளிர்ச்சி உணர்வைத் தூண்டுகிறது. காற்று போவதுபோலத் தோன்றும், வீக்கம் அப்படியே இருக்கும். ஆறுதலுக்குப் பரவாயில்லை. குழந்தையின் மூக்கருகில் பூசாதீர்கள்.

குழந்தை ஸ்ப்ரே பாட்டிலை வாயில் வைத்துவிட்டால்? காத்திருக்காதீர்கள். இந்த வகை மருந்து 1 முதல் 2 மி.லி. உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு மயக்கம், இதயத் துடிப்பு குறைதல், மூச்சு மந்தமாதல் வரலாம் என்று எஃப்.டி.ஏ. 2012-ல் எச்சரித்தது. வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். குழந்தை தூங்கி வழிந்தால் "விளையாடிக் களைச்சிருக்கு" என்று விடாமல், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பல பாட்டில்களின் மூடி குழந்தைகளால் எளிதாகத் திறக்கக்கூடியது. தலையணைப் பக்கத்தில் வைக்காமல் மேல் அலமாரியில் வையுங்கள்.