முகத்துக்கு நியாசினமைடு சீரம் வாங்கப் போகிறீர்களா? பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்

நியாசினமைடு என்பது வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம், அவ்வளவுதான். விலை மலிவான சரக்கு. அதனால் மலிவான சீரம் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

முதலில், எதற்காக வாங்குகிறீர்கள் என்று தெளிவாகுங்கள். பரு விட்டுப்போன கறை, எண்ணெய் வழிவது, இதற்கெல்லாம் ஓரளவு உதவும். தோலில் உருவான மெலனின் என்ற நிறமி மேல்தோல் செல்களுக்குப் போய்ச் சேருவதை இது குறைக்கிறது. அதனால் கறை மெதுவாக மங்கும், பிறவி நிறம் மாறாது.

அடுத்து சதவீதம். 2005-இல் வெளியான ஆய்வில் 50 பெண்கள் முகத்தின் ஒரு பாதியில் 5% நியாசினமைடு கிரீமும் மறுபாதியில் அது இல்லாத கிரீமும் 12 வாரம் பூசினார்கள். நியாசினமைடு பக்கம் கறையும் மெல்லிய சுருக்கமும் குறைந்தன. (செய்தது ஓலே கிரீம் விற்கிற பிராக்டர் அண்ட் கேம்பிளின் ஆய்வாளர்கள், அதையும் மனதில் வையுங்கள்.) 1995-இல் பருவுக்கு 4% நியாசினமைடு ஜெல்லை 1% கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லோடு ஒப்பிட்டார்கள், அதற்கு இது சளைக்கவில்லை. ஆக ஆதாரம் பெரும்பாலும் 2 முதல் 5% வரைதான். நானும் 10% தான் உசத்தி என்று வாங்கி, மூன்றாம் நாள் கன்னம் சிவந்து எரிந்து, பாதி பாட்டிலைக் காலுக்குத் தடவித் தீர்த்தவன்.

இப்போது பாட்டிலின் பின்பக்கம். அதிகம் இருக்கும் பொருள் முதலில் வரும், 1 சதவீதத்துக்குக் கீழே போனால் வரிசை எப்படியும் இருக்கலாம். பினாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தியைத் தேடுங்கள், அதை 1 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. நியாசினமைடு அதற்கும் பின்னால் நின்றால், பெயருக்குத்தான் போட்டிருக்கிறார்கள். வாசனைப்பொருள் இல்லாததாகப் பாருங்கள்.

விலையை மில்லியால் வகுங்கள். 30 மில்லி 360 ரூபாய் என்றால் மில்லி 12 ரூபாய். ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு, வேளைக்கு 5 சொட்டு, இரண்டு வேளை என்றால் இரண்டு மாதம் வரும்.

வாங்கியதும் முகத்தில் போடாமல் காதுக்குப் பின்னால் மூன்று நாள் தடவிப் பாருங்கள். சரி என்றால் முகம் கழுவி, சீரம், மேலே மாய்ஸ்சரைசர், பகலில் கட்டாயம் சன்ஸ்கிரீன். அது இல்லாமல் வெயிலில் அலைந்தால் சீரம் மங்க வைத்த கறையை வெயில் திரும்பக் கொண்டுவந்துவிடும். இன்றே ஒரே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, 12 வாரம் கழித்து ஒப்பிடுங்கள். தினமும் கண்ணாடியில் தேடினால் எதுவும் தெரியாது.