கொரிய நாவலை நாடகமாக்குவது எப்படி? ‘மரக்கறி’யை வைத்து ஒரு செய்முறை

தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் ‘மரக்கறி’ நாவல் கொரிய மொழியில் 2007இல் நூலானது. இறைச்சியை விட்டுவிடும் யோங்-ஹே என்ற பெண்ணின் கதை இது. அதற்கு முன் மூன்று குறுநாவல்களாகத் தனித்தனியே வெளிவந்தது. முதல் பகுதியை அவள் கணவன் சொல்கிறான். இரண்டாம் பகுதி அவளுடைய அக்கா கணவனின் பார்வையிலும் மூன்றாம் பகுதி அக்கா இன்-ஹேயின் பார்வையிலும் நகர்கின்றன. யோங்-ஹேக்கென்று ஒரு பகுதி கிடையாது. முதல் பகுதியின் நடுநடுவே வரும் கனவுத் துண்டுகள்தான் அவளுடையவை. புதிதாக நாடகம் எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். அவளுக்கு நீண்ட வசனம் எழுதி எல்லாவற்றையும் விளக்க வைத்துவிடுவார்கள். அந்த ஒரு முடிவிலேயே நாவல் செத்துப்போகும்.

1. உரிமை வாங்குங்கள். ஹான் காங் நம்மோடு வாழும் எழுத்தாளர். பதிப்பகம் வழியாக அவருடைய இலக்கிய முகவரிடம் மேடை உரிமை கேட்க வேண்டும். எந்த மொழி, எந்த ஊர், எத்தனை காட்சிகள், எத்தனை இருக்கைகள், கட்டணம் எவ்வளவு என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பின் வாக்கியங்களை எடுத்தாள்வதென்றால் மொழிபெயர்ப்பாளரின் அனுமதி தனி. பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் ஒத்திகை தொடங்காதீர்கள்.

2. மூன்று நிறங்களில் கோடிடுங்கள். கண்ணால் பார்க்கக்கூடியது சிவப்பு, வாயால் பேசப்படுவது நீலம், மனத்துக்குள் ஓடுவது பச்சை. கணவனின் பகுதி பெரும்பாலும் பச்சையாக இருக்கும். அதை உரையாடலாக மாற்ற முயல வேண்டாம். அவன் பார்வையாளர்களை நோக்கி, ஆதரவு தேடுகிறவனைப் போல, நேராகவே பேசட்டும். அவன் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் அவள் குளிர்பெட்டியில் இருக்கும் இறைச்சியை ஒவ்வொன்றாகக் குப்பைப் பையில் போடுகிறாள். அவன் சொல்வதற்கும் நாம் பார்ப்பதற்கும் நடுவே விழும் இடைவெளியில்தான் நாடகம் இருக்கிறது.

3. காட்சி அட்டைகள். 90 நிமிட நாடகத்துக்கு 13 அட்டைகள் போதும்: பகுதிவாரியாக 5, 4, 4. யார் இருக்கிறார்கள், காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது, யோங்-ஹேயின் உடல் என்ன செய்கிறது என்ற மூன்றையும் அட்டையில் எழுதுங்கள். மூன்றாவது வரி காலியாக இருந்தால் அந்தக் காட்சியை எடுத்துவிடலாம்.

4. விருந்துக் காட்சி. அதிக ஒத்திகை கேட்பது இது. நாவலில் குடும்பமே கூடியிருக்கும்; மேடையில் அவளைச் சுற்றி அப்பா, அம்மா, தம்பி, அக்கா, அக்கா கணவன், கணவன் என ஆறு பேர் போதும். கெஞ்சல், அப்பா அவள் கன்னத்தில் விடும் அறை, கையைப் பிடித்தல், வாயில் இறைச்சியைத் திணித்தல், அவள் தன் மணிக்கட்டை அறுத்துக்கொள்ளும் கத்தி என்று வன்முறை படிப்படியாக ஏறும். ஒரு படி விட்டுப்போனாலும் கத்தி திடீரென்று முளைத்ததுபோல் ஆகிவிடும்.

அறைகிறவர் ஒரு கை தூரம் தள்ளி நிற்க வேண்டும். கை முகத்துக்கு முன்னால் கடந்துபோகும். ஓசையை வேறொருவர் கைதட்டி எழுப்புவார். நாவலில் திணிக்கப்படுவது தாங்சுயுக், அதாவது புளிப்பும் இனிப்புமான குழம்பு ஊற்றிய பொரித்த பன்றியிறைச்சி. நடிகையின் வாய்க்குள் எதுவும் போகவே கூடாது; பிடிக்கப்பட்ட நிலையில் மூச்சுக்குழாயில் சிக்கினால் ஆபத்து. குழம்பு உதட்டில் மட்டும் படட்டும். பழம் நறுக்கும் கத்தி முனை மழுங்கியதாக இருக்க வேண்டும். மேடை ரத்தம் தரையில் வழுக்கும், அதனால் விரிப்பு போட்டு, காட்சி முடிந்ததும் சுருட்டி எடுத்துவிடுங்கள். அவளை மருத்துவமனைக்கு முதுகில் சுமந்து போவது அக்கா கணவன். ரத்தம் தோய்ந்த அவன் சட்டை இரண்டாம் பகுதிக்கான பாலம். தன்னைத் தானே காயப்படுத்தும் காட்சி உண்டு என்று நுழைவாயிலிலேயே எழுதி வையுங்கள்.

5. உறவுச் சொற்கள். இங்கே தமிழுக்கு ஒரு வசதி உண்டு. மாமனார் கணவனை அழைக்கும் ‘சோபாங்’ ஆங்கிலத்தில் ‘மிஸ்டர் சியோங்’ என்று வறண்டுபோனது. நமக்கு ‘மாப்பிள்ளை’ இருக்கிறது. அக்கா, அத்தான், நீ, நீங்கள் எல்லாம் அப்படியே பொருந்தும். அதற்காகக் கதையைச் சியோலிலிருந்து பெயர்த்துவிடாதீர்கள். அப்பா வியட்நாம் போரில் சண்டையிட்டதைப் பெருமையாகப் பேசுகிறவர். அவளை அறைந்த அந்தக் கையின் வரலாறு கொரியாவுடையது.

6. பூக்கள். அக்கா கணவன் காணொளிக் கலைஞன்; யோங்-ஹேயின் உடலில் பூக்களை வரைந்து படமெடுக்கிறான். அதனால் மேடையில் கேமரா வைப்பதற்குக் கதையே காரணம் தந்துவிடுகிறது. உடல் நிற ஆடைமேல் பூக்களை ஒளியாக வீழ்த்தலாம். வண்ணமே பூசுவதென்றால் ஒரு நாள் முன்பே கையில் சிறிது தடவி ஒவ்வாமை பாருங்கள். நெருக்கமான அசைவுகளை எல்லாம் நடிகர்களின் சம்மதத்தோடு முன்கூட்டியே வரையறுத்துவிட வேண்டும்.

7. தலைகீழ் நிலை. மூன்றாம் பகுதியில், மனநல மருத்துவமனையில் யோங்-ஹே தன்னை மரமாக உணர்ந்து கைகளில் நிற்கிறாள். சுவரோரம், ஒரு தடவைக்கு 20 விநாடிக்கு மேல் வேண்டாம். அந்த நிலையில் வசனமும் வேண்டாம். மூக்குக் குழாய் வழி உணவு செலுத்தும் காட்சியில் திரைக்குப் பின்னிருந்து ஓசை மட்டும் வரட்டும், மேடையில் இன்-ஹேயின் முகம் போதும்.

கடைசியில் ஆம்புலன்ஸ். இன்-ஹே சாலையோர மரங்களைப் பதில் கேட்பதுபோல் பார்க்கிறாள். இசை வேண்டாம், விளக்கை அணைக்க அவசரப்படவும் வேண்டாம். அவள் பார்வை பார்வையாளர்கள்மேல் இருபது விநாடி நிற்கட்டும்.