தழும்பு வியர்க்காது: தீக்காயத்துக்குப் பின் வெயில் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு விபத்தில் பிழைத்தவர்களில் பலர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில மாதங்களிலேயே மறுபடி வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறது. சித்தாள் வேலை, செங்கல் சூளை, கரிமூட்டம். "புண்தான் ஆறிப்போச்சே, இன்னும் என்ன?" என்று மேஸ்திரி கேட்கிறார். சில வீடுகளிலும் கேட்கிறார்கள். முதல் தவறு இதுதான்.

புண் ஆறுவது வேறு, தோல் பழையபடி வேலை செய்வது வேறு. ஆழமாக வெந்த இடத்தில் வியர்வைச் சுரப்பிகள் அழிந்துவிடும். தொடையிலிருந்து மெல்லிசாகச் சீவி ஒட்டும் தோலோடு அவை கூட வருவதில்லை. உள்சூட்டை வெளியே கொண்டுவர ரத்தக் குழாய்கள் விரிவதும் அங்கே குறைவு. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் கிரெய்க் கிரண்டால் குழுவினர் சோதித்தபோது, தோல் ஒட்டி 4 முதல் 8 ஆண்டுகள் ஆனவர்களிடமும் இந்தக் குறை தீரவில்லை. ரெண்டு வருஷம் போனால் சரியாகிவிடும் என்று யாரும் தைரியம் சொல்ல வேண்டாம்.

வெந்த அளவை மட்டும் கணக்கிடுவது அடுத்த தவறு. உடம்பின் பரப்பை 100 என்று வைத்தால் ஒரு கை சுமார் 9, தோளிலிருந்து புட்டம் வரை முதுகுப் பக்கம் முழுதும் 18. இரண்டு கையும் முதுகுப் பக்கம் முழுதும் ஆழமாக வெந்தவருக்கு 36 போய்விட்டது. நான் பார்க்கச் சொல்வது மிச்சமிருக்கும் 64-ஐ. மூட்டை தூக்கும்போது தசைகள் கிளப்பும் சூட்டை அந்தத் தோல்தான் பெரும்பாலும் வெளியேற்ற வேண்டும். சதவீதம் ஒன்றாக இருந்தாலும், அதே மூட்டையைத் தூக்கும் சின்ன உடம்புக்காரருக்குப் பாடு அதிகம்.

"நெத்தியில ஊத்துதே, நல்லாத்தான் வேர்க்குது" என்று நிம்மதி அடையாதீர்கள். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். சொட்டி விழுவது சூட்டை எடுத்துப் போகாது.

தண்ணீர் குடித்தால் போதும் என்பதும் பாதி உண்மைதான். குடிப்பது கட்டாயம். ஆனால் சுரப்பி இல்லாத இடத்துக்குத் தண்ணீரை வெளியிலிருந்துதான் தர வேண்டும். நன்றாக ஆறிய தழும்பின் மேல் அடிக்கடி தண்ணீர் தெளித்து, நிழலில் காற்றுப் படும்படி உட்கார்ந்தால், அந்தத் தண்ணீர் வியர்வையின் வேலையைச் செய்கிறது. கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் ஈரம் சீக்கிரம் காயாது. அங்கே ஃபேன் இல்லாமல் பலன் குறைவு. வெயிலுக்காகத் தழும்பை மூடுவது நல்லது, தளர்வான பருத்தித் துணியாக இருக்கட்டும். தழும்பை அமுக்கிவைக்கும் பிரஷர் உடையைப் புழுக்கம் தாங்காமல் நீங்களாகக் கழற்றிப் போடாதீர்கள். எந்த நேரத்தில் கழற்றலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே முடங்குவது இன்னொரு பெரிய தவறு. எனக்கு அதிகம் வருத்தம் தருவதும் அதுதான். உடம்பின் கணிசமான பகுதியில் ஒட்டுத்தோல் உள்ளவர்களை அதே குழுவினர் 7 நாள் சூடான அறையில் உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். முன்பைவிட அவர்களால் சூட்டைத் தாங்க முடிந்தது. இந்த முடிவு 2015-இல் வெளியானது. அவர்கள் செய்தது கண்காணிப்போடு என்பதை மறக்க வேண்டாம். டாக்டர் சரி என்ற பிறகு, காலை வெயிலில் கொஞ்ச நேரம் என்று ஆரம்பித்து, நாளாக நாளாகக் கூட்டலாம். முதல் நாளே முழு ஷிஃப்ட் கூடாது. அந்த அவகாசத்தைத் தருவது மேஸ்திரியின் பொறுப்பு.

அப்புறம், வேலை இடத்தில் கூட ஒருவர் இருக்க வேண்டும். தலைசுற்றல், வாந்தி வந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பேச்சு குழறினாலோ ஆள் தடுமாறினாலோ, வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நல்ல தோல் அப்போதும் வியர்த்துக்கொண்டிருக்கலாம். நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். இன்னொருவர் 108-க்கு அழைக்கட்டும்.