லீவுக்குப் புது விளையாட்டுச் சாமான் வாங்க வேண்டாம்

டிசம்பர் லீவு தொடங்க முன்னமே பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களில் பாதியை ஒரு காட்போட் பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுங்கள். கிழமைக்கு ஒருக்கா, அவர்கள் தூங்கின பிறகு, வெளியில் கிடப்பதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு உள்ளே இருப்பதை எடுத்துப் போடுங்கள். திருகோணமலையில் அது மாரி மழைக் காலம், உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் பல நாள் தலைகாட்டவே முடியாது, வீட்டுக்குள்ளேயே இருந்தால் எல்லாம் 2 நாளில் அலுத்துவிடும். ஒரு கிழமை கண்ணில் படாத, சக்கரம் கழன்ற லொறிகூடச் சின்னப் பிள்ளைக்குப் புதுச் சாமான்தான். பின்னேரம் நீங்கள் குனிந்து பொறுக்குவதும் பாதியாகும். கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மையில் மட்டும் கை வைக்காதீர்கள், ராத்திரி நீங்கள்தான் விழித்திருக்க வேண்டும். 7, 8 வயதுக்காரரிடம் இது எடுபடாது, கதிரை போட்டு ஏறி எடுத்துவிடுவார்கள்.