குதிரை ஜீனி சோப்பால் பூசணம் பிடித்த ஷூ, பெல்ட், பையை மீட்பது எப்படி

ஆடி மாதம் முழுக்க அலமாரிக்குள் கிடந்த தோல் ஷூவை ஆவணியில் எடுத்தால் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் இந்தத் தொல்லை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் அதிகம். துணியால் துடைத்துவிட்டு மேலே பாலிஷ் போட்டால் இரண்டு வாரத்தில் அதே இடத்தில் மறுபடி பூக்கும்.

ஊட்டி படகு இல்லத்துக்கு வெளியிலும் கொடைக்கானல் ஏரிச் சாலையிலும் தூறலில் நிற்கும் குதிரைகளைப் பாருங்கள். ஜீனி (முதுகில் போடும் சேணம்), கடிவாளம், அங்கவடி வார் எல்லாம் தோல். மேலே மழை, கீழே குதிரையின் வியர்வை. அந்தத் தோலுக்காகவே உருவானதுதான் சேடில் சோப். நம் வீட்டுத் தோல் பொருட்களுக்கும் மலையில் அதைவிடப் பொருத்தமான சோப்பு கிடையாது.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சேடில் சோப் பூசணத்தைக் கொல்லாது. பூசணம் தின்னும் வியர்வை, அழுக்கு, பழைய பாலிஷ், எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றைத்தான் அது எடுக்கும். கொல்ல ஸ்பிரிட் (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) வேண்டும், திரும்பி வராமல் இருக்க முழுசாகக் காய வேண்டும். இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் வீண்.

எது தோல், எது இல்லை

வெட்டு விளிம்பைப் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். துணி மேல் ஒட்டிய பிளாஸ்டிக் படலம் தெரிந்தால் ரெக்ஸின். பள்ளிக்கூட ஷூக்களில் பெரும்பாலானவை ரெக்ஸின்தான். அதற்கு ஈரத் துணி போதும், சேடில் சோப் செலவு வேண்டாம். ஸ்வேட், நூபக் மாதிரி மயிர்ப்பூச்சு உள்ள தோலில் சேடில் சோப் படவே கூடாது. மயிர் படிந்து வழவழத்துப் போகும், திரும்பி வராது.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட பழுப்புத் தோல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாலே கறுக்கும். அதைக் கெடுக்காமல் கழுவலாம். ஆனால் ஒரு பகுதியை மட்டும் கழுவினால் தேமல் மாதிரி திட்டு விழும். கழுவினால் தையலிலிருந்து தையல் வரை முழுத் துண்டையும் கழுவுங்கள்.

வெள்ளையெல்லாம் பூசணம் இல்லை

இங்கேதான் மலைவாசிகள் பலர் தடுக்கி விழுகிறார்கள். குளிர் காலத்தில் தோலுக்குள் இருக்கும் கொழுப்பு மேலே வந்து உறைந்து வெள்ளைப் பொடி மாதிரி நிற்கும். பார்க்க அச்சு அசல் பூசணம். அதற்கு ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தால் சாயம்தான் போகும், வெள்ளை மறுநாள் மறுபடி வரும்.

சோதனை எளிது. ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பத்து நொடி காட்டுங்கள். வெள்ளை உருகி மறைந்தால் கொழுப்பு. மென்மையான துணியால் துடைத்தால் முடிந்தது வேலை. அப்படியே நின்றால் பூசணம். பூசணத்துக்கு மக்கிய வாடையும் இருக்கும். உற்றுப் பார்த்தால் பஞ்சு மாதிரி இழைகள் தெரியும், ஒரே சீராகப் பரவாமல் வட்டம் வட்டமாக இருக்கும்.

இந்தக் கொழுப்பு வெள்ளைக்கு முக்கியக் காரணம் தேங்காய் எண்ணெய். சமவெளியில் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பழகியவர்கள் மலைக்கு வந்தும் தடவுகிறார்கள். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஊட்டியில் மார்கழியில் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாக நிற்கும் எண்ணெய் ஷூ தோலுக்குள் மட்டும் உருகியா இருக்கும்?

தேவையானவை

தகர டப்பாவில் கெட்டியாக வரும் சேடில் சோப் ஒன்று. ஸ்ப்ரே பாட்டிலில் வரும் திரவ வகை வேண்டாம், அதில் எவ்வளவு ஈரம் போகிறது என்பது நம் கையில் இல்லை. கிளிசரின் கட்டி வகையும் நல்லதே, அதற்கு ஒரு முறை இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஸ்பாஞ்ச் இரண்டு, பழைய பனியன் துணி நான்கு துண்டு, பழைய டூத் பிரஷ், குதிரைமுடி பிரஷ், ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பழைய செய்தித்தாள், சமையலறைத் தராசு. தராசு எதற்கு என்பது காய வைக்கும் இடத்தில் புரியும்.

செய்முறை

முதலில் ஷூவை, லேஸ் கழற்றி, காய்ந்த நிலையில் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மழை நாளில் அது ஏற்கெனவே ஈரம் இழுத்திருக்கும். அதனால் இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு எடை எடுப்பது நல்லது.

பிறகு வீட்டுக்கு வெளியே, காற்று நம்மைத் தாண்டிப் போகும் திசையில் நின்று, குதிரைமுடி பிரஷால் பூசணத்தைத் தட்டி எடுங்கள். வீட்டுக்குள் தட்டினால் அந்தப் பொடி கம்பளியிலும் திரைச்சீலையிலும் போய் உட்காரும். மாஸ்க் போடுங்கள். இழுப்பு உள்ளவர்கள் இந்த ஒரு வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள். பிரஷைக் கழுவிக் காய வைத்த பிறகுதான் அடுத்த ஷூவுக்கு எடுக்க வேண்டும்.

அடுத்தது ஆல்கஹால். 99 சதவீத பாட்டில் என்றால் சரிக்குச் சரி தண்ணீர் கலக்கவும். 70 சதவீதம் என்றால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர். ஷூவில் லேஸுக்குக் கீழே இருக்கும் நாக்குப் பட்டைக்கு அடியில், மறைவான இடத்தில் தொட்டுப் பாருங்கள். துணியில் சாயம் இறங்கினால் இன்னும் நீர்க்கச் செய்யுங்கள். துணியை நனைத்துப் பிழிந்து மேலும் உள்ளும் ஒருமுறை துடைத்து, பத்து நிமிடம் விடுங்கள். குமுட்டி அடுப்பு, ஹீட்டர், கணப்பு எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. சட்டென்று பற்றும்.

இப்போது சோப்பு. இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்து, இனி ஒரு சொட்டும் விழாது என்கிற அளவுக்குப் பிழியுங்கள். சோப்பு மேல் நாலைந்து சுற்று சுற்றி, ஸ்பாஞ்சை நாலைந்து தடவை கையில் அழுத்துங்கள். மோர் நுரை மாதிரி பெரிய குமிழி வந்தால் தண்ணீர் அதிகம். புளித்துப் பொங்கிய இட்லி மாவு மாதிரி கெட்டியாக, விரலில் நிற்க வேண்டும். ஒரு ஷூவுக்குப் புளியங்கொட்டை அளவு சோப்பு போதும். சிறு வட்டமாகத் தேயுங்கள். வார்ப்பட்டை, தையல் ஓரம், அடியும் மேலும் சேரும் இடுக்கு இவற்றுக்கு டூத் பிரஷ். நுரை பழுப்பாக மாறினால் அழுக்கு வருகிறது என்று அர்த்தம்.

கிளிசரின் கட்டி வைத்திருப்பவர்கள் ஸ்பாஞ்சை நனைக்க வேண்டாம். கட்டியின் ஒரு முனையை மட்டும் தண்ணீரில் தொட்டு, காய்ந்த ஸ்பாஞ்சில் தேயுங்கள். குதிரைக்காரர்கள் ஜீனி துடைப்பது இப்படித்தான். தோலுக்குள் தண்ணீர் இறங்காமல் நுரை மட்டும் வேலை செய்யும்.

நுரையை அப்படியே காய விடுங்கள் என்று சில டப்பாக்களில் எழுதியிருக்கும். மலையில் அதைக் கேட்காதீர்கள். தோல் இயல்பாகவே சற்று அமிலத் தன்மை உள்ளது. சோப்பு காரம். அது தோலிலேயே தங்கினால் நாளடைவில் விறைத்துப் போகும், பிசுக்கில் தூசியும் படியும். சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மூன்று முறை துடைக்கவும், ஒவ்வொரு முறையும் துணியை அலசவும். மூன்றாவது அலசலில் தண்ணீர் கலங்காமல் இருந்தால் சரி.

காய வைப்பது

இந்தச் செய்முறையின் உயிரே இதுதான். பூசணம் திரும்பி வந்தது என்று சொல்பவர்களில் பலர் தவறவிடுவது இங்கே.

உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்தில் மாற்றி, மறுபடி நாலு மணி நேரத்தில் மாற்றுங்கள். திணித்த தாளை ராத்திரி முழுக்க விட்டால் அந்த ஈரத் தாளே ஷூவைக் காய விடாது. காற்றோடும் நிழலில், ஷூவைப் பக்கவாட்டில் சாய்த்து, அடிப்பகுதிக்கும் காற்று படும்படி வையுங்கள். மேசை விசிறி இருந்தால் அதுவே போதும். ஹீட்டர் முன்னால், கணப்பு ஓரம் வேண்டவே வேண்டாம். ஈரத் தோலின் புரதம் சூட்டில் சுருங்கும். காய்ந்த தோல் தாங்கும் சூட்டை ஈரத் தோல் தாங்காது. முன்பக்கம் மடங்கும் இடத்தில்தான் முதல் வெடிப்பு விழும்.

காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்து மலையில் சொல்ல முடியாது. இங்கே காய்ந்த பொருளும் சில்லென்றுதான் இருக்கும். அதற்குத்தான் தராசு. குறித்து வைத்த எடைக்கு 5 கிராம் வித்தியாசத்துக்குள் வந்தால் காய்ந்தது. 30, 40 கிராம் கூடுதலாக நின்றால் அட்டைக்கும் அடித்தோலுக்கும் இடையில் தண்ணீர் இருக்கிறது. ஊட்டியில் மூடுபனி நாட்களில் கனமான பூட்ஸுக்கு மூன்று நாள்கூட ஆகும். அவசரப்பட்டு அலமாரியில் வைத்தால் முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

எண்ணெய்ப் பசை

கழுவிய தோலுக்குக் கொஞ்சம் கொழுப்பு திருப்பிக் கொடுக்க வேண்டும். தேன்மெழுகு கலந்த ஜீனி பாம் (ஜீனித் தோலுக்கான களிம்பு) என் முதல் தேர்வு. மிளகளவு எடுத்து, விரல் சூட்டில் உருக்கி, மெல்லப் பரப்பி, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். நீட்ஸ்ஃபூட் எண்ணெய் மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது, விறைத்த பழைய பெல்ட்டுக்கு நன்றாக இறங்கும். ஆனால் தோலைக் கறுப்பாக்கும், பழுப்பு ஷூவுக்கு வேண்டாம். வீட்டில் இருப்பதில்தான் செய்ய வேண்டும் என்றால் விளக்கெண்ணெய். அது நம் குளிருக்கு உறையாது. பிசுபிசுப்பு அதிகம் என்பதால் ஒரு ஷூவுக்கு இரண்டு சொட்டுக்கு மேல் போகாதீர்கள். கூடுதல் எண்ணெய் என்றால் அடுத்த மழைக்குப் பூசணத்துக்குச் சாப்பாடு.

பாலிஷ் மறுநாள்.

வைக்கும் இடம்

காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நின்றாலே பூசணம் கிளம்பும். சின்ன ஈரமானி ஒன்று வாங்கி அலமாரிக்குள் வைத்து, 60க்குக் கீழே இருக்கும்படி பாருங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி என்றால் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். வெயில் வரும் நாளில் கதவைத் திறந்து விடுங்கள். பாலிதீன் பை கூடாது, பருத்திப் பை நல்லது. இறுக மூடும் 30 லிட்டர் டப்பாவில் வைப்பதானால் 100 கிராம் சிலிகா ஜெல். ஆரஞ்சு நிற வகை பச்சையானால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி பயன்படுத்தலாம். அலமாரிக்குள் குண்டு பல்பு எரிய விடும் பழைய வழக்கம் உண்டு. அது சூட்டுக்காக. எல்இடி பல்புக்கு அந்தச் சூடு இல்லை, குண்டு பல்போ துணியில் பட்டால் தீப்பிடிக்கும். இரண்டும் வேண்டாம்.

வாசகர்கள் கேட்டதால் சேர்த்தவை

யூகலிப்டஸ் தைலம் தடவலாமா என்று பலர் கேட்டார்கள். நீலகிரியில் வீட்டுக்கு வீடு இருக்கும் பொருள், கேட்பது நியாயமே. ஆனால் தைலம் மெழுகையும் பாலிஷையும் கரைக்கும், தடவிய இடம் மங்கித் திட்டாகும். பஞ்சில் நாலு சொட்டு விட்டு அலமாரி மூலையில் வைத்தால் மக்கிய வாடை குறையும், அவ்வளவுதான். தோலில் படக் கூடாது.

கழுவிய பிறகும் உள்ளே நாறுகிறது என்றால் குற்றவாளி உள் அட்டை. அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள். பூசணம் ஊறிய உள் அட்டையை எந்தச் சோப்பும் மீட்காது.

வீட்டில் உதவும் வேறு குதிரைச் சாமான்கள் பற்றியும் கேட்டிருந்தார்கள். குதிரையின் உதிரும் மயிரைச் சுரண்டும் வட்ட ரப்பர் பிரஷ், கம்பளியிலும் சோபாவிலும் ஒட்டிய நாய் மயிரைக் குவியலாகச் சுருட்டி எடுக்கும். காய்ந்த நிலையில், ஒரே திசையில் இழுங்கள். குளிப்பாட்டிய குதிரையின் உடம்பிலிருந்து தண்ணீரை வழிக்கும் ரப்பர் வளைவு, விடிகாலையில் ஜன்னல் கண்ணாடிக்குள் கோத்து நிற்கும் நீரை வழிக்க அருமையானது. குளம்பு சுரண்டும் கொக்கி, தேயிலைத் தோட்டச் செம்மண் இறுகிய பூட்ஸ் அடிக்கு. பிடரி மயிர்ச் சிக்கெடுக்கும் சிலிகான் ஸ்ப்ரேயைப் பிள்ளைகளின் பொம்மை முடிக்கு அடிக்கலாம். தரையில் பட்டால் கால் வழுக்கும், வாசலுக்கு வெளியே வைத்து அடியுங்கள்.

உடம்புக்கு என்று வரும்போது கோட்டைத் தாண்டாதீர்கள். பித்தவெடிப்புக்கு லனோலினும் பெட்ரோலியம் ஜெல்லியும் மட்டும் உள்ள பாம் சரி. குதிரைக்கான வலித் தைலம் நம் தோலைப் பொசுக்கிவிடும். குதிரைக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் பூச்சிப் பசையை மனிதர் தொடவே கூடாது. ஒரு டியூப் என்பது சுமார் 560 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு வேளை மருந்து. அந்த டியூபைச் சேடில் சோப்போடு ஒரே தட்டில் வைக்காமல், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.