அவிநாசியும் திருமுருகன்பூண்டியும்: பாட்டு, புராணம், கல்வெட்டு என்று பிரித்துப் பார்க்கும் வழி

கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற சிவத்தலங்கள் ஏழு: அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, கரூர், வெஞ்சமாக்கூடல். வண்டி எடுத்தால் இரண்டு நாளில் ஏழையும் கும்பிட்டுவிட்டு வரலாம். கதையும் வரலாறும் மனசில் நிற்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு இரண்டு கோயிலுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. முதல் தடவைக்கு அவிநாசியும் பூண்டியுமே பொருத்தம். இரண்டுக்கும் இடையே ஐந்து கிலோமீட்டர்தான். இரண்டிலும் சுந்தரர் பாடியிருக்கிறார், இரண்டு கதைகளிலும் அவரே இருக்கிறார்.

பயணம் வீட்டிலேயே தொடங்குகிறது. ஏழாம் திருமுறையில் 49ஆம் பதிகம் பூண்டிக்கு உரியது, 92ஆம் பதிகம் அவிநாசிக்கு உரியது. முந்தின நாள் இரவே இரண்டையும் வாய்விட்டுப் படித்துவிடுங்கள். அரை மணி நேரம் கூட ஆகாது. பிறகு பெரிய புராணத்தில் இதே நிகழ்ச்சிகள் வரும் இடத்தைப் படியுங்கள். ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போட்டு, மேலே பாட்டு, புராணம், கல் என்று எழுதிக்கொள்ளுங்கள். நாள் முழுக்கக் கேட்பதையும் பார்ப்பதையும் இந்த மூன்றில் ஒன்றில்தான் எழுத வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுவதுதான் கோயில் வரலாற்றில் அடிக்கடி நடக்கும் தவறு.

ஏன் என்பதற்கு அவிநாசியே எடுத்துக்காட்டு. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்ட கதையைக் கொங்கு நாட்டில் அறியாதவர் இல்லை. பதிகத்தைத் திறந்தால் இரண்டாம் பாட்டில் புக்கொளியூர்க் (அவிநாசியின் பழைய பெயர்) குளமும் அதில் குளித்த மாணியும் (பிரமசாரிச் சிறுவன்) வருகின்றன. நான்காம் பாட்டில் “கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே” என்று வருகிறது. பாட்டு தருவது அவ்வளவே. ஒரு வீட்டில் பூணூல் கல்யாண ஓசை, எதிர் வீட்டில் அழுகை, ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் குளிக்கப் போய் ஒருவன் மட்டும் திரும்பியது, விழுங்கப்பட்டவன் இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு வெளியே வந்தது எல்லாம் சேக்கிழார் சொல்பவை. சுந்தரர் 8ஆம் நூற்றாண்டளவில் பாடியவர், சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டுக்காரர். எது எந்தப் பத்தியில் போக வேண்டும் என்று இப்போது தெரியும். இப்படிப் பிரிப்பதால் கதை சிறுத்துப் போவதில்லை. ஒரு வரி எப்படி ஊரின் திருவிழாவாக வளர்ந்தது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

பிரதோஷம், அமாவாசை, முகூர்த்த நாள், சித்திரைத் தேர்த் திருவிழா நாட்கள் ஆகியவற்றைத் தவிருங்கள். கும்பிட அவை நல்ல நாட்கள், ஆனால் சுவர் ஓரம் நின்று படிக்க இடம் கிடைக்காது. முதலைவாய்ப் பிள்ளை உற்சவத்தையே பார்க்க வேண்டுமென்றால் பங்குனியில் போங்கள், அன்று கல்வெட்டை மறந்துவிடுங்கள். எடுத்துப் போக வேண்டியவை: டார்ச் லைட், ஓர் அடி ஸ்கேல், நோட்டு, பென்சில், தண்ணீர். காலை ஏழு மணிக்குள் அவிநாசியில் இருப்பது நல்லது. உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தினால் பிறகு மாலையில்தான் திறப்பார்கள்.

உள்ளே போகும் முன் வாசலுக்கு எதிரே நிற்கும் விளக்குக் கம்பத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரே கல்லில் உயரமாக எழுப்பிய தீபத்தூண் கொங்குக் கோயில்களில் அடிக்கடி காணும் அடையாளம். கம்பத்தின் அடியில் நான்கு பக்கமும் சிற்பம் இருக்கும்; அவசரத்தில் எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு அவிநாசியப்பரையும் கருணாம்பிகையையும் கும்பிடுங்கள். அம்மன் சன்னதி சாமிக்கு வலப்பக்கம் இருப்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். கும்பிட்டு முடித்த பிறகுதான் நோட்டை எடுக்க வேண்டும்.

கல்வெட்டைத் தேட வேண்டிய இடம் கருவறையின் அடித்தளம்: பட்டிகை, குமுதம், ஜகதி என்ற வரிசைகள். சுவரிலும் இருக்கும், மண்டபத் தூணிலும் இருக்கும். டார்ச்சை நேரே அடித்தால் எழுத்துத் தெரியாது. பள்ளத்தில் நிழல் விழாததே காரணம். கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். வெயில் படும் சுவரென்றால் வெயில் கல்லோடு ஒட்டிச் சாய்ந்து விழும் நேரமே நல்ல நேரம். வடக்குச் சுவரில் ஆண்டில் சில மாதங்கள்தான் நேர் வெயில் விழும், மற்ற மாதங்களில் டார்ச்தான் கதி. எழுத்துத் தெரிய வேண்டுமென்று மாவு, சுண்ணாம்பு, சாக்பீஸ், எண்ணெய் எதையும் தேய்க்காதீர்கள். அது பள்ளத்தில் இறங்கிக் கெட்டிப்படும், அடுத்து வருபவர் அதைச் சுரண்டுவார், எழுத்து போய்விடும். அனுமதி கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். பக்கத்தில் ஸ்கேல் தெரியட்டும். ஒவ்வொரு படமும் முந்தின படத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திரும்பக் காட்டட்டும். மூலவர் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது.

படிக்கத் தெரியாது என்று பயப்பட வேண்டாம், சட்டகம் ஒன்றுதான். “ஸ்வஸ்திஸ்ரீ” என்று தொடங்கும். பிறகு அரசன் பெயர், யாண்டு (அவனது ஆட்சியாண்டு), நாடு, ஊர், கொடுத்தவர், கொடுத்த பொருள். “சந்திராதித்தவரை” என்றால் சூரிய சந்திரர் உள்ளவரை, “பன்மாகேசுவர ரக்ஷை” என்றால் சிவனடியார் காவல். பழைய கல்வெட்டில் புள்ளி பெரும்பாலும் இருக்காது, குறில் எ, ஒ-வும் நெடில் ஏ, ஓ-வும் ஒரே வடிவம், துணைக்காலும் ர-வும் ஒன்று போலவே இருக்கும். எழுத்து முற்றிலும் புரியாமல் வளைந்து வளைந்து போனால் அது வட்டெழுத்தாக இருக்கலாம். கொங்கில் பழையவை பல அப்படித்தான்.

ஆண்டுக் கணக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கொங்குச் சோழன் வீரராசேந்திரன் 1207இல் பட்டமேறியவன். அவனது யாண்டு 15 என்றால் 1207உடன் 14 கூட்டுங்கள்: 1221 அல்லது 1222இன் தொடக்கம். “5ஆவதின் எதிர் 3ஆவது” என்று எதிராமாண்டு வந்தால் இரண்டையும் கூட்டி 8 என்று எடுக்க வேண்டும். எண்களும் ஏமாற்றும். ௧ என்பது க போலவும், ௨ என்பது உ போலவும், ௭ என்பது எ போலவும் இருக்கும். ௰௫ என்றால் 15. “கோனேரின்மைகொண்டான்” என்று கண்டதும் அப்படி ஓர் அரசன் இருந்தான் என்று எழுதிவிடாதீர்கள். அது பட்டம், பல அரசர்கள் அதைப் போட்டுக்கொண்டார்கள்.

கொடையில் பெரும்பாலும் சந்தியாதீபம் (அந்தி விளக்கு) வரும், பணம் “பழஞ்சலாகை அச்சு” என்ற காசாக வரும். “வெள்ளாளன் சாத்தந்தைகளில்” என்பது போலக் கூட்டப் பெயர்களும் (குலப் பிரிவுப் பெயர்கள்) வரும். தன் கூட்டத்தின் பெயரைக் கல்லில் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும், அது நியாயமே. அதைக் கொண்டு கொடுத்தவரைத் தன் நேர்ப் பாட்டன் என்று சொல்ல மட்டும் முடியாது. ஒரு வரி பாதியில் அறுந்து அடுத்த கல்லில் சம்பந்தமில்லாமல் ஓடினாலோ, எழுத்து தலைகீழாக நின்றாலோ, திருப்பணியில் கல்லைப் பிரித்து மாற்றி அடுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அதையும் கல் பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள். மணல் வீசிச் சுத்தம் செய்த சுவரில் எழுத்தின் விளிம்பு மழுங்கிப் போயிருக்கும். இழந்ததை யாராலும் மீட்க முடியாது, இருப்பதையாவது படம் எடுத்து வையுங்கள்.

ஆட்களிடம் கேட்க நல்ல நேரம் இரண்டு பூசைக்கு நடுவே, பத்து மணிக்கு மேல். “இந்தக் கோயில் எத்தனை வருஷப் பழசு?” என்று கேட்டால் “ஆயிரக்கணக்கான வருஷம்” என்ற பதிலே வரும். இடத்தைக் கேளுங்கள்: “ஏனுங்க சாமி, முதலை பிள்ளையக் கக்குன கொளம் எந்தப் பக்கமுங்க?” குளக்கரைக்கு வழி சொல்வார்கள், அங்கே இதற்கென்று தனிக் கோயில் இருக்கிறது. வயதானவர்களிடம், “இந்தக் கல்லு முன்னாடி எங்கீங்க இருந்துது?” என்று கேளுங்கள். திருப்பணிக்கு முந்தைய கோயிலைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

மதியம் சாப்பிட்டுவிட்டு, நடை திறக்கும் நேரத்துக்குப் பூண்டிக்குப் போங்கள். திருப்பூர்ப் பேருந்தே வழியில் நிற்கும். கோயில் மேற்குப் பார்த்தது, மாலை வெயில் முகப்பில் விழும். அவிநாசியை முதலில் வைத்ததற்குக் காரணமும் இதுதான். ஆனால் புராண வரிசையில் பூண்டிதான் முந்தியது. சேர மன்னர் சேரமான் பெருமாள் கொடுத்த பொருளோடு சுந்தரர் திரும்பும்போது பூண்டியில் நடந்தது வேடுபறி, அதாவது வேடர்கள் அந்தப் பொருளைப் பறித்தது. இரண்டாம் முறை சேரநாடு போகும் வழியில் நடந்தது அவிநாசி அற்புதம்.

இங்கே பத்திகள் இன்னும் தெளிவாகப் பிரியும். சிவகணங்கள் வேடராக வந்து பறித்தன என்பது சேக்கிழார் சொல்வது. பதிகத்தில் கணங்களே இல்லை. வடுக வேடுவர் குத்திக் கூறையை (உடையை) பறித்து ஆறலைக்கும் (வழிப்பறி செய்யும்) ஊரில், உமையோடு “எத்துக்கு இங்கு இருந்தீர்” என்று இறைவனையே கேட்கிறார் சுந்தரர். மேற்கே பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிழக்கே செல்லும் வணிக வழிகள் ஓடிய நாடு இது. கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூரில் ராஜகேசரிப் பெருவழிக் கல்வெட்டே இருக்கிறது. வழிப்பறி அந்த வழிகளில் நடப்பவர்களின் அன்றாடப் பயமாக இருந்ததை இப்பாட்டில் கேட்கலாம். சூரனை வதைத்த பாவம் தீர முருகன் இங்கே வழிபட்டான் என்று தலபுராணம் சொல்கிறது. ஊர்ப் பெயரோடு ஒட்டிய அந்தக் கதையைப் புராணப் பத்தியில் தனிக் கோடு போட்டு எழுதுங்கள்.

பதிகத்தை மண்டபத்தில் உட்கார்ந்து மெதுவான குரலில் ஒரு முறை படித்துவிட்டு, கூப்பிடு பிள்ளையார் எங்கே என்று விசாரித்து அங்கேயும் போய் வாருங்கள். கோயிலை ஒட்டிய தெருக்களில் சிற்பக் கூடங்கள் இருக்கின்றன. உளி வேலை நடக்கும் நேரமென்றால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். காலையில் அவிநாசிச் சுவரில் தடவிப் படித்த எழுத்தை ஒருவர் எந்தக் கோணத்தில் உளி பிடித்து வெட்டியிருப்பார் என்பது அங்கேதான் புரியும்.